உப்பு நீரும் ஒரு நூலும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹாலந்து தேசத்து லெய்டன் நகரிலே, வில்லெம் ஐந்தோவன் என்னும் உடலியல் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்துக்குத் தம் இருதயத்தின் மின்துடிப்பைப் பதிவு செய்துகொள்ள வந்த ஒருவர், சட்டைக் கைகளைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்பு நீர் நிறைந்த பாத்திரங்களுக்குள் அமிழ்த்தியபடி, நாற்காலியில் ஆடாமல் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டியிருந்தது. அவரிடமிருந்து புறப்பட்ட கம்பிகள் சென்று சேர்ந்த கருவியோ, ஏறக்குறைய 270 கிலோ எடையுள்ள, இயக்குவதற்கு ஐந்து பேரின் ஒத்தாசை வேண்டிய பூதாகாரமான யந்திரம். ஆயினும் அதன் நடுவே, மின்காந்தத்தின் இரு துருவங்களுக்கு இடையில், தலைமயிரைக் காட்டிலும் பன்மடங்கு மெல்லிய குவார்ட்ஸ் இழையொன்று, மேலே வெள்ளிப் பூச்சுடன் கட்டப்பட்டிருந்தது. இருதயத்தின் மின்சாரம் பாயும்போதெல்லாம் அந்த இழை அசைந்தது; அதன் நிழல் புகைப்படத் தகட்டின்மேல் அலையாக விழுந்தது. அந்த அலைதான் இன்று நாம் இ.சி.ஜி. என்று சொல்லும் சித்திரம். அதற்காக ஐந்தோவனுக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது.

அத்தகைய இழையை உண்டாக்குவதே ஒரு வித்தையாக இருந்தது. உருகிய குவார்ட்ஸை அம்பின் வாலில் ஒட்டவைத்து, அது இறுகுவதற்குள் வில்லிலிருந்து எய்துவிட்டால், அம்பு பறந்த வழியெல்லாம் கண்ணுக்குப் புலப்படாத நூல் நீண்டு நிற்கும் என்பதை 1887இல் சார்லஸ் வெர்னன் பாய்ஸ் என்ற ஆங்கிலேயர் செய்து காட்டியிருந்தார். வேகமாக இழுக்கப்பட்ட இழை மெலிகிறது, மெலிந்தும் வலிமை பெறுகிறது என்ற அந்த அனுபவத்தை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். இந்த அத்தியாயத்தின் முடிவு வரையில் அது நம்மோடு வரும்.

லெய்டனில் மனிதனின் பக்கம் உப்பு நீர் இருந்தது. கருவியின் பக்கம் நூல் இருந்தது. நீர் உடம்புக்கு இணங்கியது, ஆனால் பாத்திரத்தை விட்டு வெளியே வராது. நூல் மின்சாரத்தை ஏந்தியது, ஆனால் உடம்போடு ஒட்டி உறவாடாது. இந்த இரண்டையும் ஒரே வஸ்துவாகச் செய்துவிட முடியுமா, அதாவது உப்பு நீரையே நூலாக நூற்று, அதை ஆடையில் தைத்து, உடுத்தியவன் ஓடினாலும் குனிந்தாலும் அறுந்துபோகாதபடி ஆக்க முடியுமா என்பதே, ஜெல் இழைகளைப் பற்றி இன்று ஆராய்கிறவர்கள் கேட்கும் கேள்வி.

ஜெல் என்பது நமக்குப் புதிய பொருள் அன்று. மதுரைப் பக்கத்தில் கோடைக் காலத்தில் ஜிகர்தண்டாவில் போடுகிறார்களே பாதாம் பிசின், அதில் இரண்டு மூன்று துண்டுகளை இரவில் ஒரு கிண்ணம் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு, காலையில் எடுத்துப் பார்த்தால், கல் போன்றிருந்த துண்டுகள் கிண்ணம் நிறைய ஊதிப் பளிங்குக் குவியலாக நிற்கும். அதில் பெரும்பங்கு தண்ணீரே. ஆனாலும் கிண்ணத்தைச் சாய்த்தால் ஓடுவதில்லை. சல்லடையில் நீர் மொண்டாற்போல என்று வீண் முயற்சிக்கு உவமை சொல்வது நம் வழக்கம். சல்லடையின் கண்கள் மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு என்னும் அளவுக்குச் சிறுத்துவிடுமானால், நீர் அதிலே தங்கவும் செய்யும் என்பதற்கு ஜெல்லே சாட்சி. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஆங்காங்கே முடிச்சிட்டுக்கொண்டு வலையாகி, அந்த வலை நீரைத் தன்னுள் இருத்திக்கொள்கிறது. வலையின் தயவால் நீருக்கு வடிவம் கிடைக்கிறது. நீரின் தயவால் வலை மென்மை பெறுகிறது.

அதே பிசினை விரலால் மெல்ல அழுத்தினால் எதிர்த்து நிற்கும். சற்றே வலிந்து அழுத்தினால் வழுக்கி நொறுங்கிப்போகும். காரணத்தை அறியத் தேர்த் திருவிழாவுக்குப் போனால் போதும். வடத்தைப் பிடித்திருப்பவர்கள் நூறு பேராக இருந்தாலும், ஒரே சமயத்தில் இழுக்காமல், முன்னால் நிற்கும் நாலு பேர் மாத்திரம் இழுக்க, மற்றவர்கள் வடத்தைத் தளர்வாகப் பற்றிக்கொண்டு நடந்தால், பாரமெல்லாம் அந்த நால்வர்மேல் விழும். அவர்கள் களைத்துக் கைவிட்டதும் அடுத்த நால்வர்மேல் விழும். ஜெல்லின் சங்கிலிகளும் அப்படித்தான்: குட்டையானவை முதலில் விறைத்து அறுகின்றன, பிறகு அவற்றுக்கு அடுத்தவை; இவ்வாறு ஒரு சிறு கீறல் கணநேரத்தில் குறுக்கே ஓடிவிடுகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நீராக இருக்கும் வஸ்துவில் பாரம் தாங்கும் சங்கிலிகளே சொற்பம். அந்தச் சொற்பமும் ஒன்றுபட்டு இழுப்பதில்லை என்றால் வலிமை எங்கிருந்து வரும்?

அப்படியானால் உலோகக் கம்பியையே ஆடையில் நெய்துவிடலாமே என்று கேட்கலாம். நம் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பட்டுப் புடவையின் ஜரிகை அப்படிப்பட்டதுதான்: பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. மின்சாரத்தை அது நன்றாகவே கடத்தும். ஆனால் புடவையை ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்காக வைத்திருந்தால் மடிப்பு விழுந்த இடத்தில் ஜரிகை ஒடிந்துவிடும் என்பதனால்தான், வீட்டுப் பெரியவர்கள் அவ்வப்போது அதை எடுத்து மடிப்பை மாற்றி வைக்கிறார்கள். உலோகம் நூற்றில் ஒரு பங்கு நீள்வதற்குள்ளேயே தன் மீள்சக்தியை இழந்துவிடுகிறது. நம்முடைய முழங்கைத் தோலோ, கையை மடக்கும்போது நூற்றில் முப்பது பங்கு வரையிலும் நீண்டு சுருங்குகிறது. இந்த இரண்டையும் ஒட்டவைத்தால், ஒன்று கம்பி ஒடியும், இல்லையேல் தோல் புண்ணாகும்.

இன்னும் ஆழமான வேற்றுமை ஒன்று உண்டு. கம்பிக்குள் ஓடுவது எலக்ட்ரான். உடம்புக்குள் ஓடுவது அயனி, அதாவது மின்சுமை ஏந்திய சோடியம், பொட்டாசியம், குளோரைடு முதலான அணுக்கள். இருதயம் துடிப்பதும் நரம்பு செய்தி சொல்வதும் இவற்றின் போக்குவரத்தினாலேயே. இரண்டு ராஜ்யங்களிலும் நாணயம் வேறு வேறாகையால் எல்லையில் ஒரு நாணயமாற்றுக் கடை வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் மார்பின்மேல் ஒட்டும் வில்லைகளில் வெள்ளியும் வெள்ளிக் குளோரைடும் இருப்பது அதற்காகத்தான்: குளோரைடு அயனி வந்து வெள்ளியோடு சேரும்போது ஓர் எலக்ட்ரானைக் கம்பிக்குக் கொடுத்துவிடுகிறது, திரும்பும்போது பெற்றுக்கொண்டு போகிறது. அந்த வில்லைக்கும் தோலுக்கும் நடுவே குளுகுளுவென்று ஒரு பசை உறுத்துகிறதே, அதுதான் ஜெல். லெய்டன் பாத்திரத்து உப்பு நீரின் நேர் வாரிசு. அது காய்ந்துபோனால் இ.சி.ஜி.யின் கோடு தள்ளாடத் தொடங்கும்.

உப்பு நீர் ஊறிய ஜெல்லானது செம்போடு போட்டியிட வல்லதா என்று கணக்கிட்டுப் பார்ப்போம். மீட்டருக்கு 1 சீமென்ஸ் அளவு கடத்தும் ஜெல்லை, ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவும் 10 சென்டிமீட்டர் நீளமும் உள்ள இழையாக எடுத்துக்கொண்டால், அதன் மின்தடை ஒரு லட்சம் ஓம். அதே அளவுச் செம்புக் கம்பியின் தடை ஓர் ஓமில் ஐந்நூறில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஏனெனில் செம்பின் கடத்துதிறன் 5.8 கோடி சீமென்ஸ். இதைக் கேட்டதும் ஜெல்லைத் தூர எறிந்துவிடத் தோன்றும். ஆனால் இருதயத்தின் சமிக்ஞை வெறும் ஒரு மில்லிவோல்ட். அதை வாங்கிப் பெருக்கும் கருவியின் நுழைவாயில் தடையே ஒரு கோடி ஓமுக்குக் குறையாது. ஒரு கோடிக்கு முன்னால் ஒரு லட்சம் நூற்றில் ஒரு பங்குதான், நஷ்டமும் அவ்வளவே. விளக்கெரிக்கவும் மோட்டார் ஓட்டவும் ஜெல் உதவாது. செய்தி சொல்ல அது தாராளமாகப் போதும். 2013இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜிகாங் சுவோவும் கூட்டாளிகளும், உப்பு ஜெல் தகடு இரண்டுக்கு நடுவே ரப்பர்ப் படலத்தை வைத்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் ஒலிபெருக்கி ஒன்றைச் செய்து, மனிதக் காது கேட்கக்கூடிய ஸ்தாயி முழுவதிலும் அதை ஒலிக்கச் செய்தார்கள். அயனிகள் மந்தகதி உடையவை என்பது மெய்யே. எனினும் குழாய் நிறைய நீர் இருக்கையில் ஒரு முனையைத் தள்ளினால் மறுமுனையில் உடனே சொட்டுவதுபோல, அயனி தன் இடத்தை விட்டு அதிகம் நகராமலே அழுத்தம் கடந்து போய்விடுகிறது.

எனவே கடத்துவது பெரும் சிரமம் அன்று; அறாமல் இருப்பதுதான் சிரமம். அதன் சரித்திரம் ஜப்பானில் ஹொக்காய்டோ பல்கலைக்கழகத்தில் 2003இல் ஒரு திருப்பத்தைக் கண்டது. ஜியான் பிங் கொங் என்ற அம்மையாரும் அவரைச் சார்ந்தவர்களும், விறைப்பான வலையொன்றைச் செய்து, அதற்குள்ளேயே தளர்ந்த நீண்ட சங்கிலிகளால் மற்றொரு வலையையும் பின்னினார்கள். இழுக்கும்போது விறைத்த வலை ஆங்காங்கே அறுந்து, அறுவதிலேயே விசையின் சக்தியைச் செலவழித்துத் தன்னைப் பலிகொடுக்கிறது. தளர்ந்த வலை உருவம் குலையாமல் காக்கிறது. தனித்தனியே இரண்டும் அற்பம். சேர்ந்தபோது, தொண்ணூறு பங்கு நீரோடு ரப்பருக்கு நிகரான உறுதி வந்தது. 2012இல் சுவோவின் குழுவினர் கடற்பாசியிலிருந்து எடுத்த ஆல்ஜினேட்டை இதில் பிரயோகித்து, இருபது மடங்கு நீளும் ஜெல்லை உண்டாக்கினார்கள். பலியான இணைப்புகள் அதிலே ஓரளவு மீண்டும் கூடிக்கொண்டன.

ஆயினும் இவை தகடுகளே. தகட்டால் உடம்பை மூடினால் வியர்வை வெளியேற வழியில்லை. தோள்மூட்டுப்போல இரு திசையில் வளைந்த இடத்தில் அது சுருக்கம் விழாமல் படிவதும் இல்லை. நூல் என்றால் நெய்யலாம், பின்னலாம், ஊசியில் கோக்கலாம், கண்களினூடே காற்றும் போய்வரும். அதைவிட முக்கியமான காரணம், நூலாக்கும் செயலே வலுவாக்கும் செயலாகவும் இருப்பது. தக்ளியில் நூற்றுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொட்டிய பஞ்சைக் குழந்தையும் பிய்த்துவிடும். அதே பஞ்சை இழுத்து முறுக்கினால், அதுவரை தலையும் காலும் தெரியாமல் கிடந்த நார்களெல்லாம் ஒரே திசை நோக்கிப் படுத்து, ஒன்றின் பாரத்தை மற்றொன்று வாங்கிக்கொள்ளும். பஞ்சோடு புதிதாக எதையும் சேர்த்தோமில்லை; தேர்வடத்தில் எல்லோரும் ஒருசேர இழுக்கத் தொடங்கிவிட்டார்கள், அவ்வளவே.

ஜெல்லை நூற்பதற்கு எளிய வழி இடியாப்பம் பிழிவதை ஒத்தது. ஆல்ஜினேட் கரைசலை ஊசிக்குழலில் எடுத்து, கால்சியம் குளோரைடு கரைந்த நீருக்குள் அதன் நுனியை வைத்து மெல்ல அழுத்தினால், வெளியே வந்த கணமே அது இழையாகி நிற்கிறது. தேன்போல் இருந்தது விரலால் தூக்கக்கூடிய ஈர நூலாகிவிடுகிறது. ஆல்ஜினேட்டோடு இருந்த சோடியத்துக்கு ஒரு கைதான் உண்டு, கால்சியத்துக்கு இரண்டு; அது இருபக்கமும் உள்ள சங்கிலிகளைப் பற்றிப் பிணைத்துவிடுகிறது. இந்த ஆல்ஜினேட்டுக்கு மூலமான சர்காசம் என்ற பாசி நம் மன்னார் வளைகுடாவிலும் விளைகிறது. மண்டபம், ராமேசுவரம் பக்கத்து மக்கள் அதைக் கட்டைக்கோரை என்பார்கள்.

உப்பைக் கொண்டு நூலை இறுக்கும் வழிக்கு இன்னும் பழைய வேர் உண்டு. 1888இல் பிராக் நகரில் பிரான்ஸ் ஹோஃப்மைஸ்டர் என்பவர், முட்டை வெண்கருவின் புரதத்தை எந்த உப்பு எவ்வளவு எளிதில் திரட்டுகிறது என்று சோதித்து, உப்புகளை ஒரு வரிசையில் நிறுத்தினார். சல்பேட், பாஸ்பேட், சிட்ரேட் ஆகியவை வரிசையின் தலைமாட்டில் நின்றன. சோப்புக் காய்ச்சுகிறவர்கள் கடைசியில் உப்பைப் போட்டுச் சோப்பைத் தனியே பிரிப்பதும் இதே தத்துவந்தான்: உப்பு நீரைத் தன்பால் ஈர்த்துக்கொள்ள, நீரின் துணை குறைந்த சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவிக்கொள்கின்றன. 1939இல் ஜப்பானின் கியோத்தோவில் சகுராடாவும் கொரியரான ரி சுங்கியும் கண்டுபிடித்த வினைலான் என்ற செயற்கை நூல், பசைகளில் கலக்கும் பாலிவினைல் ஆல்கஹாலைச் சோடியம் சல்பேட் தொட்டிக்குள் பிழிந்தே பெரும்பாலும் நூற்கப்படுகிறது. நூல் பலப்பட அதிலிருந்த நீரையெல்லாம் வெளியேற்றினார்கள். அது நல்ல துணியாயிற்று, ஆனால் ஜெல்லாக நீடிக்கவில்லை. நீரையும் வைத்துக்கொண்டு வலிமையையும் பெறுவது பின்வந்தவர்களுக்கு மிச்சமாயிற்று.

அதைச் சாதித்தவர்களில், லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஷிமின் ஹீ குழுவினர் செய்த காரியத்தைச் சற்றே கிட்டத்தில் நின்று பார்க்கலாம். அதே பாலிவினைல் ஆல்கஹால் கரைசலை அவர்கள் ஒரு பக்கத்திலிருந்து மாத்திரம் குளிரூட்டினார்கள். பனி எங்கும் ஒரே சமயத்தில் உறையாமல், குளிர்ந்த பக்கத்திலிருந்து வரிசை வரிசையான தூண்களாக வளர்ந்தது. தூண்களுக்குள் இடமில்லாமல் ஒதுக்கப்பட்ட சங்கிலிகள் இடுக்குகளில் நெருக்கி அடுக்கப்பட்டன. பிறகு அதைச் சோடியம் சிட்ரேட் கரைசலில் ஊறப்போட்டதும், பனி கரைந்து போக, நெருங்கிய சங்கிலிகள் கற்றை கற்றையாகத் திரண்டு, ஆங்காங்கே நுண்ணிய படிகங்களாகவும் பூட்டிக்கொண்டன. 2021இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி அந்த ஜெல் 23.5 மெகாபாஸ்கல் இழுவிசையைத் தாங்கியது. தன் நீளத்தைப் போல் முப்பது மடங்கு வரை நீண்டது. அப்போதும் அதில் நூற்றுக்கு எழுபது பங்குக்குக் குறையாமல் நீரே இருந்தது. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள அத்தகைய ஈரப்புரியில் இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைத் தொங்கவிடலாம் என்றால், ஊறிய பாதாம் பிசினை நினைத்துக்கொள்ளும் வாசகர் வியப்படையாமல் இருக்க முடியாது. வியப்பு சற்றே அடங்குவதற்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நம் குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணில் பாதிக்குமேல் நீர்தான்; தசைநாண்கள் ஐம்பது முதல் நூறு மெகாபாஸ்கல் வரை தாங்குகின்றன. அங்கேயும் ரகசியம் கற்றைகளின் வரிசையே.

தேகப்பயிற்சியும் இழைக்கு உதவுகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஷுவான்ஹே ஜாவோ குழுவினர் 2019இல் ஜெல்லை நீருக்குள் வைத்து ஆயிரம் தடவை இழுத்து விட்டார்கள். பயில்வான் தண்டால் எடுத்துத் தசை முறுக்கேறுவதுபோல, அதன் உள்நார்கள் ஒரே திசைக்குத் திரும்பின. நூற்றுக்கு 84 பங்கு நீரோடு 5.2 மெகாபாஸ்கல் உறுதி வந்ததோடு, தொடுவதற்குத் தசையைப் போலவே மென்மையாகவும் இருந்தது.

இந்த வித்தைகளை எல்லாம் ஒருங்கே அறிந்த ஆசான் நம் வீட்டு உத்தரத்திலேயே குடியிருக்கிறது. சிலந்தியின் வயிற்றுப் பையில் நூல் இருப்பதில்லை. அடர்ந்த புரதக் கரைசலே இருக்கிறது. அது நெடிய குழாயின் வழியே வருகையில் குழாய் குறுகிக்கொண்டே போகிறது, புளிப்பு ஏறுகிறது, சோடியமும் குளோரைடும் நீங்கி, ஹோஃப்மைஸ்டர் வரிசையின் தலைமாட்டில் நின்ற பாஸ்பேட் உள்ளே வருகிறது, இறுதியில் சிலந்தி தன் காலாலோ உடம்பின் கனத்தாலோ இழுக்கிறது. குறுகுதல், உப்பு, இழுத்தல் என்ற மூன்றையும் ஊசிமுனை அளவு இடத்தில், சாதாரண வெப்பத்தில், வேறெந்தத் திராவகமும் இன்றி அது முடித்துவிடுகிறது.

வலிமை கூடக் கூடச் சங்கிலிகள் நெருங்கி, அயனி நடமாடும் சந்துகள் குறுகுகின்றன; பலத்தை மிதமிஞ்சி விரும்பினால் மின்சாரம் திணறும். இந்தப் பேரத்தில் சமரசம் காணச் சிலர் எலக்ட்ரானையே கடத்தும் பாலிமரை, அதாவது நீண்ட மூலக்கூறுச் சங்கிலியை, ஜெல்லுக்குள் இழைக்கிறார்கள். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை 1977இல் காட்டிய ஷிராகாவா, மக்டயர்மிட், ஹீகர் ஆகிய மூவரும் 2000இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த வம்சத்தில் வந்த பெடாட் என்னும் பாலிமரால் ஆன ஜெல், உப்பு நீரில் ஊறிய நிலையிலும் மீட்டருக்குச் சுமார் 2,000 சீமென்ஸ் கடத்துகிறது. முன்னே நாம் கணக்கிட்ட இழையை இதனால் செய்தால் ஒரு லட்சம் ஓம் ஐம்பது ஓமாகக் குறையும்.

எதிரிகளும் இல்லாமல் இல்லை. வெயிலில் வைத்த பாதாம் பிசின் பழையபடி கல்லாவதைப் போல ஜெல் நூலும் காயும். அதற்காகக் காற்றின் ஈரத்தைக் குடிக்கும் லித்தியம் குளோரைடையோ கிளிசரினையோ சேர்க்கிறார்கள், அல்லது நம் தோல் நம்மைப் போர்த்தியிருப்பதுபோல் மெல்லிய ரப்பர் உறை இடுகிறார்கள். ஒன்றேகால் வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரத்தை விடாமல் செலுத்தினால் நீரே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியத் தொடங்கிவிடும். எல்லாவற்றிலும் பிடிவாதமான சங்கடம், ஈர நூல் உலோகத்தோடு சேரும் முனை: நூல் நீள்கிறது, உலோகம் நீள்வதில்லை, ஆகவே பெரும்பாலும் அறுவது நடுவில் அன்று, அந்தக் கணுவில்தான்.

லெய்டனில் அமர்ந்திருந்த அந்த மனிதருக்கு அந்தக் கணு பாத்திரத்தின் விளிம்பாக இருந்தது. பதிவு முடிந்ததும் அவர் கைகளை வெளியே எடுத்து, துண்டினால் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். உப்பு நீர் பாத்திரத்திலேயே நின்றுவிட்டது. நூலாக நூற்கப்பட்ட உப்பு நீர் இப்போது அந்த விளிம்பைத் தாண்டி, அவரோடு எழுந்து வாசற்படி வரையில் வந்திருக்கிறது.